குழிக்குள் நின்றவர்



டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் சீருடையை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இந்தப் போர்ட் கொச்சி அரங்கில் இருக்கிறீர்கள். உங்கள் டோபி கானாவின் துவைகல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் இங்கே நடந்து வந்தேன். உழைத்துப் பிழைக்க வந்தவர்களின் அவை இது. அதனால் உழைப்பைப் பற்றியே பேசப் போகிறேன். காட்டைப் பற்றியும் பேசப் போகிறேன். இரண்டையும் தனித்தனியாகப் பேசியே நாம் நூறு ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். இன்று சேர்த்துப் பேசுவோம்.

கடற்கரை ஊரில் வந்து காட்டைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். இன்று காலை நான் சீனவலைப் பக்கம் போயிருந்தேன். ஆறு பேர் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். கயிற்றில் கட்டிய கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்க, வலை தண்ணீரைவிட்டு மேலே எழுகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வலைகள். ஒன்றுக்குத் தேக்குத் தடி. இன்னொன்றுக்கு இரும்புக் குழாய். தேக்கைத் தொட்டுப் பார்த்தேன். எத்தனை வருஷத்து உப்புக் காற்றோ, மேலே சாம்பல் நிறம் ஏறியிருக்கிறது. நகத்தால் கீறினால் உள்ளே பொன்னிறம். இரும்பைத் தொட்டேன். துரு கையோடு வந்தது. அங்கே நின்றிருந்த பெரியவரிடம், "ஏன் சேட்டா, இதற்கும் மரமே போட்டிருக்கலாமே?" என்று கேட்டேன். "தேக்கு கிடைத்தால் இரும்பை யார் தொடுவார்கள், சாரே?" என்றார்.

தேக்கு கிடைத்தால்! அன்பர்களே, இந்தச் சொல்லை எந்த ஊரில் நின்றுகொண்டு கேட்கிறேன் என்று எண்ணிப் பாருங்கள். இது தேக்கைக் கப்பல் கப்பலாகக் கடலில் இறக்கிய ஊர் அல்லவா? 1821இல் 'அலிகேட்டர்', 1822இல் 'சமராங்', அதே ஆண்டில் 'டெர்மகன்ட்' என்று மூன்று போர்க்கப்பல்களை பிரிட்டிஷ் கடற்படைக்காகத் தேக்கில் கட்டிக் கொடுத்தது இந்தக் கொச்சிதான். 'டெர்மகன்ட்' பின்னால் 'ஹெரால்ட்' என்று பெயர் மாறி பசிபிக் கடலையே அளந்து வந்தது. கல்வத்தியில் பிரன்டன் படகு கட்டும் துறை இருந்த இடத்தில் இன்று அதே பெயரில் ஒரு சொகுசு விடுதி நிற்கிறது. கப்பல் கட்டிய கைகள் எங்கே? அந்தக் கப்பலுக்கு மரம் கொடுத்த காடு எங்கே? அதை வெட்டி இழுத்து வந்தவர்கள் எங்கே?

இந்த மூன்றாவது கேள்விதான் எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால் என் தாத்தா அவர்களில் ஒருவர்.

சேத்துமடைப் பக்கத்தில், ஆனைமலையின் அடிவாரத்தில், கூப்பு வேலைக்குப் போனவர் அவர். கூப்பு என்றால் மரம் வெட்ட ஏலம் விட்ட காட்டுத் துண்டு. அவருக்குக் குழி ரம்ப வேலை. இளைஞர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், சொல்கிறேன். ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, அதன் மேல் தடியைக் குறுக்கே கிடத்துவார்கள். நீளமான ரம்பம். மேலே ஒருவர், குழிக்குள் ஒருவர். மேலே நிற்பவர் கரிக்கோட்டைப் பார்த்து ரம்பத்தை நடத்துவார். குழிக்குள் நிற்பவருக்குக் கோடு தெரியாது. இழுக்க மட்டுமே அவருக்குத் தெரியும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பிடி தூள் கண்ணிலும் மூக்கிலும் விழும். என் தாத்தா குழிக்குள் நின்றவர். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பாராம். வயதான காலத்திலும் பேசும்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருப்பார். உருண்டு வந்த தடி ஒன்று முழங்காலை நசுக்கிய பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. ஒப்பந்தக்காரர் ஒரு வாரக் கூலியைக் கொடுத்தனுப்பினார். அத்தோடு கணக்கு முடிந்தது.

மேலே நின்று கோடு பார்ப்பவர், கீழே நின்று தூள் வாங்குபவர். இந்த இரண்டு பேரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போகும் எல்லாக் கதையிலும் இவர்கள் வருவார்கள்.

முதலில் நம் கொச்சி ராஜ்யத்தின் கதை. மகாராஜா ராமவர்மா காலம். 1902இல் ஷொரனூரிலிருந்து கொச்சிக்கு ரயில் வந்துவிட்டது. பறம்பிக்குளத்துக் காட்டில் வைரம் பாய்ந்த தேக்கும் ஈட்டியும் நிற்கின்றன. ஆனால் மலையை விட்டு இறக்க வழியில்லை. அப்போது போட்டதுதான் கொச்சி அரசு வன டிராம்வே. 1907இல் ஓடத் தொடங்கியது. சாலக்குடியிலிருந்து பறம்பிக்குளம் காட்டுக்குள் 49.5 மைல், கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர்! ஜெர்மனியிலிருந்து என்ஜின்கள் வந்தன. செங்குத்தான சரிவுகளில் என்ஜினே இல்லை. உருளையில் எஃகுக் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையில் தடி ஏற்றிய வண்டி, மறு முனையில் காலி வண்டி. கனமான வண்டி இறங்கும், அதன் பாரமே காலி வண்டியை மேலே இழுக்கும். சீனவலையில் கல் இறங்க வலை ஏறுகிறதே, அதே வித்தைதான். சாலக்குடியில் ரயிலுக்கு மாறி, தடிகள் இந்தக் கொச்சித் துறைக்கு வந்து சேர்ந்தன.

அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த வண்டிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. வெட்டுகிறவர், இழுக்கிறவர், யானைப்பாகர், தண்டவாளம் பார்க்கிறவர், பட்டறைக்காரர், கணக்குப்பிள்ளை என்று எத்தனை குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கும்! அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1963இல் டிராம்வே மூடப்பட்டது. யார் மூடினார்கள்? காட்டைக் காப்பாற்ற வந்தவர்களா? இல்லை. நம் வனப் பாதுகாப்புச் சட்டம் 1980இல்தான் வந்தது. பறம்பிக்குளம் சரணாலயமானது 1973இல். புலிகள் காப்பகமானது 2010இல். அதற்கெல்லாம் முன்பே டிராம்வே செத்துவிட்டது. பாதையின் இருபுறமும் எடுக்கத் தகுந்த மரம் தீர்ந்துகொண்டே வந்தது, வண்டி ஓட்டும் செலவு ஏறிக்கொண்டே போனது, லாரியும் வந்துவிட்டது. பாதுகாப்பு வந்து வேலையைப் பறித்தது என்று ஊர் ஊராகச் சொல்கிறார்களே, இங்கே அது நடக்கவில்லை. மரம் போனதும் வேலையும் போனது. கோடு போட்டவர்கள் வேறு பதவிக்குப் போனார்கள். குழிக்குள் நின்றவர்கள் அடுத்த நாள் காலையில் எங்கே போனார்கள் என்று எழுதி வைக்கக்கூட ஆளில்லை.

சரி, மலையின் அந்தப் பக்கம் தமிழர் பகுதிக்கு வாருங்கள். டாப்ஸ்லிப் என்று உங்களுக்குத் தெரியும். தடியை மலையுச்சியிலிருந்து சறுக்கி விட்ட இடம் என்பதால் வந்த பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பம்பாய்க் கப்பல் துறைக்காகத் தேக்கை வெட்டி வெட்டி, அங்கே மலை மொட்டையாகிக்கொண்டிருந்தது. பிறகு ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி வந்தார். அடிமரத்தைத் தரையோடு வெட்டி, மறுதுளிர் விட வைத்தார். நடக்கும்போதெல்லாம் ஊன்றுகோலால் மண்ணைக் குத்தித் தேக்கு விதை போட்டார் என்று இன்றும் சொல்வார்கள். 1933இல் இறந்த அவரை டாப்ஸ்லிப்பிலேயே, தேக்குகளுக்கு நடுவே அடக்கம் செய்திருக்கிறார்கள். நான் அந்தக் கல்லறை முன் நின்றிருக்கிறேன். மதிப்போடுதான் நின்றேன். ஆனாலும் மனத்தில் ஒரு குறை. ஒரு மனிதர் ஒரு கோலால் ஒரு காட்டை வளர்க்க முடியுமா? நாற்றுப் போட்டவர்கள், களை எடுத்தவர்கள், காட்டுத் தீயை அணைத்தவர்கள், யானையை ஓட்டிச் சென்றவர்கள் எல்லாம் அந்த மலையின் காடர்களும் மலசர்களும். அவர்கள் பெயரைத் தாங்கி ஒரு கல் உண்டா?

அங்கே கோழிகமுத்தியில் யானை முகாம் இருக்கிறது. ஒரு காலத்தில் தடி இழுத்த யானைகளின் மலை அது. இன்று ஊருக்குள் வரும் காட்டு யானைகளைத் திருப்பி அனுப்பும் கும்கிகள் அங்கே வாழ்கின்றன. கலீம் என்ற கும்கி 2023இல், 60 வயதில் ஓய்வு பெற்றபோது வனத்துறையினர் வரிசையில் நின்று மரியாதை செய்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து நான் கண் கலங்கினேன். மிக நியாயமான மரியாதை. மர வேலை நின்றபோது யானைக்கு மாற்று வேலை கண்டுபிடித்தோம், தீவனம் தொடர்ந்தது, வயதானதும் ஓய்வும் கொடுத்தோம். அப்படியானால் வழி நமக்குத் தெரியும், நண்பர்களே! யானைக்குச் செய்யத் தெரிந்த நமக்கு, அதே காட்டில் அதே தடியை இழுத்த மனிதனுக்குச் செய்யத் தெரியாதா?

இப்போது ஒரு மனுவின் கதையைச் சொல்கிறேன். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு என்ற பெரியவர். நீலகிரி மாவட்டம் கூடலூரில், ஒரு காலத்தில் தங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த காடுகளில் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு மனம் பொறுக்காமல் 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கூடலூர் மரத்துக்காகப் போட்ட வழக்கு, 1996 டிசம்பர் 12ஆம் தேதி இந்தியா முழுவதற்குமான ஆணையாக வெளிவந்தது. யாருக்குச் சொந்தமானாலும் காடு காடுதான். ஒப்புதல் பெற்ற திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போகக் கூடாது. அருணாசலப் பிரதேசத்திலும் அதை ஒட்டிய அசாம் பகுதியிலும் அறுப்பு ஆலைகளும் ஒட்டுப்பலகை ஆலைகளும் நிற்க வேண்டும். எத்தனை லட்சம் மரங்கள் அந்த ஒரு ஆணையால் உயிர் பிழைத்திருக்கும்! அந்தப் பெரியவரை நான் வணங்குகிறேன்.

ஆனால் அன்று அசாமில் ஆலைகள் நின்றனவே, அந்த ஆலைகளில் மரத்தை ஏடு ஏடாக உரித்தவர்கள் எங்கே போனார்கள் தெரியுமா? இங்கேதான் வந்தார்கள். இந்த அரங்கிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் இருக்கும் பெரும்பாவூருக்கு. நூற்றுக்கணக்கான ஒட்டுப்பலகை ஆலைகள் அங்கே. அசாம் ஆலைகள் மூடிய பிறகு, தொழில் தெரிந்த கைகள் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ரயிலேறின. அவர்கள் வழியாக அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று மற்றவர்களும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாவூர் பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். அசாமியும் வங்காளமும் ஒடியாவும் காதில் விழும். கூடலூர் மரத்தைக் காப்பாற்ற எழுதிய மனு, அசாம்காரர் ஒருவரின் வாழ்க்கையைப் பெரும்பாவூரில் கொண்டு வந்து போட்டது. மனு எழுதியவர் அதை நினைத்திருக்க முடியாது. ஆணை எழுதும்போது நாடு நினைத்திருக்க வேண்டாமா?

பெரும்பாவூரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது நம்பிக்கை தரும் செய்தி. அந்த ஆலைகள் உரிப்பது பெரும்பாலும் ரப்பர் மரம். இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரம். விவசாயி வெட்டுவார், விற்பார், மறுபடி நடுவார். இன்று கேரளத்தின் மரத் தொழில் நிற்பது பெரிதும் ரப்பர்த் தோட்டத்திலும் வீட்டைச் சுற்றிய நிலத்திலும்தான். இயற்கைக் காட்டைத் தொடாமல் மரத் தொழில் நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் தூசி நிறைந்த கொட்டகையில், சுழலும் கத்தி முன்னால் நிற்கும் அந்தப் பையனைப் பாருங்கள். குழி இல்லை, ரம்பம் மாறிவிட்டது, தூள் மாறவில்லை.

கூடலூருக்கே திரும்புங்கள். அங்கே ஜன்மம் என்ற பரம்பரை நிலவுடைமையை ஒழிக்க 1969இல் சட்டம் வந்தது. அதன் 17ஆவது பிரிவில் சிக்கிய நிலங்களில் யாருக்கு என்ன உரிமை என்பது தீராமலே கிடக்கிறது. வழக்கும் தடையும் மேலே மேலே வந்து விழ, ஆயிரக்கணக்கான சாதாரணக் குடும்பங்கள் பட்டா இல்லாமல், வீட்டுக்கு மின் இணைப்புக்கூடக் கிடைக்காமல் வருஷக் கணக்கில் அல்லாடின. அவர்களில் இலங்கையிலிருந்து சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் பெயர்க்கப்பட்டு வந்த நம் மக்களும் உண்டு. ஏற்கெனவே ஒரு மலையிலிருந்து இறக்கப்பட்டவர்கள்! பிள்ளை மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கும் வீட்டின் முன்னால் நின்றுகொண்டு, காட்டைப் பாதுகாக்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது?

இதைக் கேட்டதும் சிலர், அப்படியானால் வேலைதான் பெரிது, ஆலையைத் திற, மரத்தை வெட்டு என்கிறீர்களா என்று கேட்பார்கள். அவர்களை மாவூருக்கு அழைத்துப் போகிறேன்.

கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் சாலியாற்றங்கரை ஊர் மாவூர். அங்கே குவாலியர் ரேயான்ஸ் ஆலை வந்தது. 1958இல் ஒப்பந்தம், 1963இல் உற்பத்தி. ஆலைக்கு மூங்கில் வேண்டும். அரசு கொடுத்த விலை என்ன தெரியுமா? ஒரு டன் மூங்கிலுக்கு ஒரு ரூபாய்! ஆயிரம் கிலோவுக்கு ஒரு ரூபாய்! மூங்கில் கூடை முடைந்து பிழைத்தவர் சந்தையில் ஒற்றை மூங்கிலுக்கு அதைவிட அதிகம் கொடுத்திருப்பார். அந்த விலையைக் கோடு போட்டு எழுதியது யார் பேனா? நிலம்பூர்க் காட்டு மூங்கில் போயிற்று. சாலியாற்றில் கழிவு கலந்தது, மீன் மிதந்தது. அக்கரையில் வாழக்காடு ஊர் மக்கள் கே.ஏ. ரஹ்மான் தலைமையில் போராடினார்கள். 1985இல் தொழில் தகராறில் ஆலை பூட்டிக்கொண்டது. மூன்று ஆண்டு. இப்போது கதவுக்கு வெளியே தொழிலாளி. பட்டினி. தற்கொலைகள். திறக்கச் சொல்லித் தொழிற்சங்கத் தலைவர் குரோ வாசு உண்ணாவிரதம் இருந்தார். ஆலை மறுபடி திறந்தது.

ஆற்றுக்காகப் போராடிய ரஹ்மானும் ஏழைதான், வேலைக்காகப் பட்டினி கிடந்த தொழிலாளியும் ஏழைதான். இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது எது? ரஹ்மான் 1999 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு உற்பத்தி நின்றது, 2001இல் ஆலை நிரந்தரமாகப் பூட்டப்பட்டது. ஆறும் கெட்டது, மூங்கிலும் போனது, கடைசியில் வேலையும் போனது. ஒரு ரூபாய்க்கு மூங்கில் வாங்கியவர்கள் மட்டும் வேறு ஊரில் வேறு ஆலை வைத்துக்கொள்ள முடிந்தது. டன்னுக்கு நியாயமான விலை வைத்து, வெட்டிய மூங்கிலுக்கு மறு நடவு செய்ய வைத்து, அந்த நடவுக்குக் கூலி கொடுக்க வைத்திருந்தால் மாவூர் வேறு மாவூராக இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். 1988இன் தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மூலப்பொருளைத் தாங்களே வளர்க்க ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்றது. முப்பது ஆண்டு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

நல்ல சேதி ஒன்றும் வைத்திருக்கிறேன். பழைய டிராம்வே போன அதே மலைத்தொடரில், வாழச்சால் காட்டில், காடர்களின் ஒன்பது குடியிருப்புகளுக்கு 2014இல் சமூக வன உரிமை கிடைத்தது. சுமார் 400 சதுர கிலோமீட்டர்! தேன் எடுக்கவும், சிறு வனப்பொருள் சேகரிக்கவும் மட்டுமல்ல, காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை. அதிரப்பள்ளி அணைத் திட்டத்துக்கு எதிராக அந்த மக்கள் அந்த உரிமையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் முறையாகக் குழிக்குள் நின்றவர் மேலே ஏறி வந்து கோட்டைப் பார்த்தார். பறம்பிக்குளத்திலும் அப்படியே. இன்று அந்த மலைவாசிகள் காவலர்களாக, வழிகாட்டிகளாக வேலை செய்கிறார்கள். கன்னிமாரா என்ற பழம்பெரும் தேக்கு அங்கே நிற்கிறது. பலர் கையோடு கை கோத்து நின்றால்தான் அதைச் சுற்றி வளைக்க முடியும். அதை வெட்டி விற்றிருந்தால் ஒரு நாள் ஏலம். நிற்கட்டும் என்று விட்டதால், அதைக் காட்டி நாள்தோறும் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டுகிறது.

அடுப்பு அங்கே மட்டுமா எரிகிறது? அந்தக் காட்டில் விழும் மழைதான் பறம்பிக்குளம்–ஆழியாறு கால்வாய் வழியே எங்கள் கொங்கு மண்ணில் 4 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. பொள்ளாச்சித் தென்னையில் ஏறும் தொழிலாளியின் கூலி, கயிறு திரிக்கும் பெண்ணின் கூலி, எல்லாம் அந்தக் காட்டின் சம்பளப் பட்டியலில்தான் இருக்கின்றன. மரத்தை வெட்டினால் கிடைக்கும் வேலையை எண்ணுகிறோம். மரம் நின்றால் நடக்கும் வேலையை யார் எண்ணுகிறார்கள்?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு மலையில் வெட்டு நிற்க வேண்டும் என்று ஆணை எழுதுகிறீர்களா, எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதே தாளில், அடுத்த வரியில், அங்கே கூலிக்கு வெட்டியவருக்கு நாளை எந்த வேலை, எத்தனை ரூபாய், எத்தனை ஆண்டு என்று எழுதுங்கள். நாற்றங்காலுக்கு ஆள் வேண்டாமா? தீத்தடுப்புக் கோட்டுக்கு ஆள் வேண்டாமா? அந்நியக் களையை அகற்ற ஆள் வேண்டாமா? தேக்குத் தோட்டத்தில் இடைவெட்டு செய்யவும் மீண்டும் நடவும் ஆள் வேண்டாமா? காட்டை அறிந்த கை அவருடைய கை. அதைத் தினக்கூலியாக வைக்காமல் நிரந்தர வேலையாக வையுங்கள். அந்த வரி இல்லாத ஆணை எதையும் நான் முழு ஆணையாக ஏற்க மாட்டேன்.

இன்று சாயங்காலம் நீங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் சீனவலைப் பக்கம் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். அந்தப் பெரியவர் அங்கே இருப்பார். அவருக்கு ஒரு வலைக்குத் தேவை சில தடிகள்தான், காடு இல்லை. இந்தக் கேரளத்தின் தேக்குத் தோட்டங்களில் இடைவெட்டில் விழும் மரத்தில் அதற்கு ஒரு பங்கை ஒதுக்கச் சொல்லி வனத்துறைக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். வாசலில் மேசை மேல் இருக்கிறது. அதன் கீழே இன்னொரு பத்தியும் சேர்த்திருக்கிறேன். அந்தத் தடியை வெட்டுகிறவருக்கும் சுமக்கிறவருக்கும் என்ன கூலி என்பதை ரசீதில் எழுத வேண்டும் என்று. படித்துப் பார்த்து, மனம் ஒப்பினால் கையெழுத்துப் போடுங்கள்.